ஊர் என்ற கட்டம்

போர் முடிந்து நான்காவது ஆண்டு அது. நோன்பு ஜூலையில் தொடங்கி ஓகஸ்டில் பெருநாளோடு முடிந்த ஆண்டு என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். அப்போது நடந்தவை எல்லாம் அந்த நோன்பை வைத்துத்தான் என் நினைவில் வரிசையாகக் கிடக்கின்றன. அதே நாட்களில் உடப்பில் எங்கள் கோயிலிலும் கொடியேறியிருந்தது. மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் வைக்காமல் விரதம் பிடித்துக்கொண்டு, நாள் முழுவதும் நண்டுக்கு நடுவில் நிற்பதுதான் எனக்கு வேலை.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் இருந்த ஒரு நண்டுத் தொழிற்சாலையில் நான் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவித்து, சதை எடுத்து, தகரத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழிற்சாலை. அதுவரை வாங்குகிறவர்கள் சதை வெள்ளையாக இருக்கிறதா, ஓட்டுத்துண்டு கலந்திருக்கிறதா என்று மட்டுமே பார்த்தார்கள். அந்த ஆண்டு புதிதாக ஒன்று கேட்டார்கள். எந்தத் தகரத்தைக் கையில் எடுத்தாலும், அதற்குள் இருக்கும் நண்டு எந்த வாடியிலிருந்து வந்தது, எந்த வள்ளம் பிடித்தது, எந்தக் கரையில் இறங்கியது என்று பின்னோக்கிப் போய்க் காட்ட வேண்டும். காட்ட முடியாத நண்டு தங்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். பெருநாள் முடிந்ததும் அவர்களுடைய தணிக்கையாளர், எங்கள் பேச்சில் ஓடிட்டர், நேரில் வருவார். அவர் சரி என்று சொன்ன வாடிகளிலிருந்து மட்டும்தான் தொழிற்சாலை இனி நண்டு எடுக்கும்.

வாடி என்பது களப்பு எனப்படும் கடலேரியின் ஓரத்தில் நண்டை நிறுத்து, தரம் பிரித்து, ஐஸ் போட்டு வைக்கிற கொட்டகை. கற்பிட்டி வீதியில் எத்தாளைக்கு அங்காலும் இங்காலும் இருந்த வாடிகளைத் தயார் செய்யும்படி என்னை அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அதை நடத்தியவர் ஐம்பதைக் கடந்த ஒரு முஸ்லிம் பெண். எல்லோரும் மாமி என்றார்கள். சில நாளில் நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். மன்னார் மாவட்டத்தில் ஒரு கரையோர ஊரில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் மற்ற முஸ்லிம்கள் எல்லோரோடும் ஆயுத இயக்கத்தால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்தவர். வந்த இடத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு வலையில் நண்டு கழற்றும் கூலிக்குப் போனார். கணவர் மௌத்தான பிறகு அவருடைய வள்ளத்தை விற்று இந்த வாடியைப் போட்டார். அவருக்கு நண்டு கொடுத்த வள்ளக்காரர் எல்லோரும் அதே ஊர் ஆட்கள். நண்டு பிரித்த பெண்களும் அதே ஊர்தான். வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும், அவர்கள் இருந்த இடத்தை எல்லோரும் முகாம் என்றே சொன்னார்கள். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

முதல் நாள் நான் கொண்டுபோன சட்டங்களைக் கேட்டுவிட்டு, மாமியின் கொழுந்தன் ஒருவர் சிரித்தார். பெரிய வள்ளம் அவருடையதுதான். கறுத்து ஒடுங்கிய மனிதர். எல்லோருக்கும் நானா.

"வெத்தில போடக் கூடா. எச்சில் துப்பக் கூடா. பூனை வரக் கூடா. காப்பு, மோதிரம் போடக் கூடா. நகம் வளக்கக் கூடா. இவ்வளவும் நண்டுக்கு நோய் வராம இரிக்கவா, மாஸ்டர்?"

"தின்கிற ஆட்களுக்கு வராமல் இருக்க, நானா."

"அப்ப கழுத வந்தா?"

கற்பிட்டிப் பக்கத்தில் கழுதைகள் கட்டாக்காலியாகத் திரிகின்றன. கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பிவலை அடிக்க வேண்டும் என்றேன்.

"நாங்களும் நோம்பு, நீங்களும் விரதம்" என்றார் நானா. "இந்த ஊரில வயிறு நிறையத் தின்னுறது கழுதை மட்டுந்தான். அதையும் மறிக்கச் சொல்லுறியள்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. அவர் சட்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டார். கேட்டதைச் செய்தார். கம்பிவலை வந்தது. தரைக்குச் சீமெந்து பூசினார்கள். கை கழுவ ஒரு குழாய், வெள்ளைப் பூட்ஸ், தலைக்கு வலைத்தொப்பி. சினை நண்டு வந்தால் எடுக்காமல் திருப்பிக் கடலில் விடச் சொல்ல ஒரு படம் சுவரில் ஏறியது. காது தோட்டை அடகு வைத்துத்தான் சீமெந்து வாங்கினார் என்று பின்னால் நானா சொல்லி அறிந்தேன்.

மருதோண்டி விஷயத்தில் மட்டும் பெண்கள் முகம் வாடினார்கள். கொழும்பிலிருந்து தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக வந்த சிங்களப் பெண் ஒருவர் இருந்தார். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். கையில், நகத்தில் எந்தச் சாயமும் கூடாது என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பெருநாள் இரவு வைத்தால் ஓடிட்டர் வரும் நாளில் நகம் சிவந்துதான் இருக்கும்.

"இது பூச்சு இல்ல மிஸ், கழுவினாலும் போகாது" என்றாள் ஒருத்தி.

"அதுதான் பிரச்சினை" என்றார் மிஸ். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

மாமி அந்தப் பெண்களைப் பார்த்தார். "ஒரு பெருநாள்தானே. அடுத்த பெருநாளுக்கு முழங்கை வரைக்கும் வையுங்க" என்றார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அந்தப் பெருநாளுக்கு முகாமில் அந்தப் பெண்களின் கை வெறுங்கையாக இருந்தது.

இனிப் படிவத்தைச் சொல்ல வேண்டும். வாடியில் அதைப் போம் என்றார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு வரி. அதில் நாலு கட்டம்: வள்ளத்தின் இலக்கம், பெயர், ஊர், கையொப்பம். கீழே நண்டைப் பொறுப்பெடுத்தவர் என்று மாமிக்கும் அதே கட்டங்கள். வாங்குகிறவர்கள் ஆங்கிலத்தில் கேட்டது நண்டு இறங்கிய கரையை. கொழும்பில் அதைத் தமிழாக்கிய யாரோ ஒருவர், கட்டம் சிறியது என்றோ வேலை அவசரம் என்றோ, 'ஊர்' என்று போட்டுவிட்டார். அந்தப் படிவம் அப்படியே வெளிநாட்டுக்குப் போய், ஒப்புதல் முத்திரையோடு திரும்பி வந்து, அச்சாகி, கட்டுக் கட்டாக வாடிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். உடப்பு வள்ளக்காரர் நிரப்பிய படிவங்களில் ஒரு பிழையும் இல்லை. எங்களுக்கு ஊரும் கரையும் ஒன்றுதான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அதே மணலில்தான் வள்ளம் ஏற்றுகிறோம்.

நோன்பு நடுப்பகுதியில் மிஸ் ஒரு ஒத்திகை பார்த்தார். அடைத்து வைத்த ஒரு பெட்டியின் லேபலைக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகச் சொன்னார். பெட்டியிலிருந்து வாடிக்குப் போனோம். வாடியிலிருந்து நானாவின் வள்ளத்துக்குப் போனோம். ஊர் என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில் மன்னார் மாவட்டத்து ஊரின் பெயர் இருந்தது. மேல் வரியிலும் அதே பெயர். கீழ் வரியிலும் அதே. தாளைப் புரட்டினால் எல்லாத் தாளிலும் அதே பெயர். மாமியின் கட்டத்திலும் அதுதான்.

மிஸ் என்னைப் பார்த்தார். "இது மன்னார் நண்டா? இந்த வாடிக்கு ஒப்புதல் புத்தளம் களப்புக்கு மட்டும்தான். வேறு கடல் நண்டைக் கலக்கிறார்கள் என்று நினைப்பார்கள்."

நான் விளக்கினேன். அவர் மொழிபெயர்க்கச் சொன்னார்: "இப்போது இருக்கிற இடத்தை எழுதச் சொல்லுங்கள்."

சொன்னேன். நானா வலையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்: "அது இரிக்கிற இடம். போமில கேட்டது ஊர்."

"இரண்டும் ஒன்றுதானே என்கிறார் மிஸ்" என்றேன்.

"அவக்கு ஒண்டா இரிக்கும்."

மிஸ்ஸிடம் நான் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் கம எது? கம என்றால் சிங்களத்தில் ஊர். அவர் யோசிக்காமல் குருநாகல் பக்கத்து ஒரு கிராமத்தைச் சொன்னார். பிறந்தது அங்கேயா என்றேன். இல்லை, கொழும்பில், அது அப்பாவின் ஊர் என்றார். சொல்லிவிட்டுப் படிவத்தைத் திரும்பப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. "கரை சேர்த்த இடம்" என்று கட்டத்தின் தலைப்பை மாற்றலாமே என்றேன். அன்றைக்கே கொழும்புக்குக் கேட்டார். ஒப்புதல் பெற்ற படிவத்தில் தணிக்கை முடியும்வரை ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்று பதில் வந்தது.

ஆகவே கட்டம் அப்படியே இருக்கும். அதற்குள் எழுதுவதைத்தான் மாற்ற வேண்டும்.

அன்று மாலை நோன்பு திறந்த பிறகு வள்ளக்காரர்கள் வாடியில் கூடினார்கள். எனக்கும் கஞ்சி தந்தார்கள். இறைச்சி போடாத கஞ்சி, எனக்கென்று தனியாக. அவர்கள் ஏன் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு தயங்குகிறார்கள் என்று அப்போதுதான் முழுதாக விளங்கியது.

மாமியின் கணவருக்கு அந்த ஊரில் காணி இருந்தது. போர் முடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது வீடு இல்லை. அத்திவாரமும் கிணறும் இருந்தன. மற்றதெல்லாம் பற்றைக் காடு. காணிக்கு வேறு யாரோ வேலி அடைத்திருந்தார்கள். காணி உரிமையை எழுதிய உறுதித் தாள் தொண்ணூறிலேயே தொலைந்துவிட்டது. மாமி எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். பெருநாளுக்கு அடுத்த மாதம் விசாரணை என்று திகதி வந்திருந்தது. இதே மாதிரி விசாரணைக்குப் போன முகாம் ஆள் ஒருவருக்கு நடந்ததுதான் எல்லோரையும் பயப்படுத்தியது. அவர் எப்போதோ புத்தளத்தில் ஒரு வீட்டு உதவிக்கு விண்ணப்பித்து, நிரந்தர வதிவிடம் புத்தளம் என்று கையெழுத்து வைத்திருந்தார். விசாரணையில் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள். நீங்கள்தான் அங்கே குடியேறிவிட்டீர்களே, பிறகு இங்கே என்ன என்று கேட்டார்கள். 

மாமி என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்தப் போமை எவ்வளவு காலத்துக்கு வைப்பாங்க?"

"வருஷக் கணக்கில் வைக்க வேண்டும், மாமி. அது அவர்களின் சட்டம்."

"ஆர் வந்து கேட்டாலும் காட்டுவாங்களா?"

"காட்டத்தான் வைக்கிறார்கள்."

 வாங்குகிறவர்களுக்கு எது நம்பிக்கையோ அதுவே மாமிக்குப் பயம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளைப் பற்றி நான் கொஞ்சம் வாசித்திருக்கிறேன். காணிகளையும் ஆட்களையும் அவர்கள் தடித்த புத்தகங்களில் பதிந்து வைத்தார்கள். பிற்காலத்தில் காணி வழக்குகளுக்கு அந்தத் தாள்களைத்தான் தேடினார்கள். எழுதியவர்கள் என்ன தேவைக்கு எழுதினாலும், தாள் வேறு தேவைக்கும் பேசும். மாமி இதையெல்லாம் வாசித்தவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் 'ஊர் புத்தளம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், அது எத்தனை தாள் ஆகும் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

"கையெழுத்து வைக்காம விட்டா?" என்றார் நானா.

"வாடி போகும்" என்றார் மாமி.

"காணிய விட வாடி பெரிசா, மதினி?"

"காணி எனக்குப் பெரிசு. வாடி இவளுகளுக்குப் பெரிசு." நண்டு பிரிக்கிற பெண்களைக் கண்ணால் காட்டினார். அவர்களில் இரண்டு பேருக்குப் புருஷன் இல்லை. ஒருத்தியின் மகன் களப்பில் மௌத்தானவன். "உனக்கு வள்ளம் இரிக்கு. வேற வாடிக்குப் போவாய். இவளுகள் எங்க போற? உப்பளத்துக்கா?"

 மறுநாள் முதல் எல்லா வரியிலும் புத்தளம் என்று எழுதினார்கள். நானா எழுதும்போது பேனையை அழுத்தியதில் கீழ்த் தாளிலும் எழுத்துப் பதிந்திருந்தது. "இண்டைக்கு நான் எந்த ஊர், மாஸ்டர்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பெருநாள் வந்து போனது. கச்சான் என்ற மேல்காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தணிக்கையாளர் வந்தார். உயரமான, மென்மையாகப் பேசுகிற வெளிநாட்டவர். தொழிற்சாலையின் ஆள் மொழிபெயர்க்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. அதனால் கொழும்பிலிருந்து தமிழ்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். நரைத்த தலை, இஸ்திரி போட்ட சேர்ட், நல்ல பண்பான பேச்சு.

எல்லாம் நன்றாகவே போனது. கழுதைகள் கம்பிவலைக்கு வெளியில் நின்றன. ஐஸின் குளிர் சரியாக இருந்தது. பெண்கள் காட்டிய கைகள் வெறுமையாக, நகம் வெட்டி, கழுவிக் கழுவி வெளிறிப் போயிருந்தன. தணிக்கையாளர் ஒரு லேபலைத் தானே தெரிவு செய்தார். அதை வைத்துக்கொண்டு பெட்டி, வாடி, வள்ளம், கரை என்று ஒரு தடங்கலும் இல்லாமல் பின்னோக்கிப் போய்க் காட்டினோம். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. மிஸ் என் பக்கம் திரும்பி இலேசாகத் தலையசைத்தார்.

மிச்சம் இருந்தது மாமியோடு ஒரு சின்னக் கதை மட்டும். வாடி நடத்துகிறவரிடம் சில கேள்விகள் கேட்பது வழக்கம். தணிக்கையாளர் ஆங்கிலத்தில் கேட்டது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்ற மாதிரியான ஒரு கேள்விதான். நான் பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்தது. மொழிபெயர்த்த பெரியவர் மரியாதைப்பட்ட மனிதர். முதன்முதல் காண்கிற ஒரு பெண்ணிடம் நம் ஆட்கள் எப்படிக் கேட்பார்களோ அப்படியே கேட்டார்.

"அம்மாவுக்குச் சொந்த ஊர் எது?"

'சொந்த' என்ற சொல்லை அவர்தான் சேர்த்தார். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

மாமி முக்காட்டைச் சரிசெய்தார். வாடிக்குள் எல்லோருக்கும் பதில் தெரியும். புத்தளம் என்று சொல்ல வேண்டும் என்று அவரே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் வாயைத் திறந்து மன்னார் மாவட்டத்து ஊரின் பெயரைச் சொன்னார்.

நானா தலையைக் குனிந்துகொண்டார். தணிக்கையாளர் படிவத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திரும்பவும் கேட்கச் சொன்னார். தவறிச் சொல்லிவிட்டேன் என்று மாமி அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பெரியவர் அதற்கு வழிகூட விட்டார்: "இப்ப இருக்கிற ஊரத்தான் கேக்கிறார் போல, அம்மா."

"இரிக்கிறது இங்க" என்றார் மாமி. "ஊர் அதுதான். எழுதச் சொல்லுங்க."

தணிக்கையாளர் எழுதினார். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும், சரியாக எழுதிவிட்டாரா, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டார். பெரியவர் வாசித்தார். நடுவில் ஒரு எழுத்து இழுபட்டது. மாமி திருத்தினார். தணிக்கையாளர் வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினார்.

பிறகு என்னை விளக்கச் சொன்னார்கள். தொண்ணூறில் நடந்ததையும், ஊர் என்ற சொல்லையும், கொழும்பில் நடந்த மொழிபெயர்ப்பையும் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றார். அது வெறும் மரியாதைக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு பழைய தாள்களைக் கேட்டார். நோன்பின் முதல் பாதித் தாள்களில் ஒரு ஊர், பின் பாதித் தாள்களில் இன்னொரு ஊர். அதே வள்ளம், அதே பெயர், அதே கையொப்பம். என்ன எழுத வேண்டும் என்று யார் தீர்மானித்தது என்று கேட்டார். நாங்கள்தான் சொன்னோம் என்றார் மிஸ்.

"அப்படியானால் இந்தத் தாள்கள் நடந்ததைச் சொல்லவில்லை" என்றார் அவர். "சொல்லச் சொன்னதைச் சொல்லுகின்றன."

 அவர் சொன்னது சரி.

அவர்களுடைய வாகனம் போனது. நானா எழுந்து, வெள்ளைப் பூட்ஸைக் கழற்றி மூலையில் வைத்தார்.

"வாடி இவளுகளுக்குப் பெரிசு எண்டு என்னை ஏசினியே மதினி."

"ஏசினேன்" என்றார் மாமி.

"பிறகு?"

"கேட்ட விதம் அப்படி. வாயில வந்திட்டு. வந்த பிறகு விழுங்க ஏலாம போச்சு" என்றார்.

முடிவு அறிக்கையாக வந்தது. அந்த வாடிக்கு அனுமதி இல்லை. பதிவுகளும் வாய்மொழியும் முரண் என்று காரணம் போட்டிருந்தது. தொழிற்சாலை லொறி அந்த ஒழுங்கைக்குள் திரும்புவதை நிறுத்தியது. சில நாள் மாமி உள்ளூர் வியாபாரிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்; அவர்கள் நண்டு கெட்டுப் போகும்வரை பேரம் பேசினார்கள். வள்ளங்கள் ஒவ்வொன்றாக வேறு வாடிகளுக்குப் போயின. பெண்களில் இருவர் மாமி சொன்னபடியே பாலாவிப் பக்கம் உப்பளத்துக்குப் போனார்கள். ஒருத்தி வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். புதிதாகச் சீமெந்து பூசிய தரையில் மாமி மிளகாய் காய வைத்திருந்ததை ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கம்பிவலையைக் கழற்றி விற்றிருந்தார். கழுதைகள் உள்ளே நிழலுக்கு நின்றன.

காணி விசாரணைக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாமி தொழிற்சாலைக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி, வாசலில் காவல்காரனிடம் என் பெயரைச் சொல்லிவிட்டு வெயிலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"தம்பி, அந்த ஓடிட்டர் எழுதினதில நான் சொன்னது கிடக்கா?"

"கிடக்கிறது, மாமி."

"ஊர்ப் பேர்?"

"அதுவும் இருக்கிறது. பிழையில்லாமல்."

"அதில ஒரு பிரதி தாங்க. விசாரணையில கொடுக்கப் போறன். புத்தளம் எண்டு எழுதின தாளெல்லாம் உங்கட அலுமாரிக்குள்ள கிடக்குது. இதையும் ஆராவது காணட்டும். வெளிநாட்டுக்காரனுக்கும் அந்த ஊரெண்டுதான் சொன்னவள், அதால தொழிலும் போனது எண்டு காணட்டும்."

நான் போய் மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் மேலே போய்க் கேட்டார். நீண்ட நேரம் திரும்பி வரவில்லை. வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: அறிக்கை வாங்குகிறவர்களின் சொத்து. தொழிற்சாலைக்கு வெளியே யாருக்கும் கொடுக்க முடியாது. அதில் உள்ள வரிகளைப் பார்த்து எழுதிக் கொடுக்கவும் கூடாது. எங்கள் படிவங்களில் ஒரு பக்கமாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். அவையும் அப்படித்தான் என்றார்.

வாசலுக்கு வந்து மாமியிடம் சொன்னேன்.

"ஆர் கேட்டாலும் காட்டுவாங்க எண்டு சொன்னியள்."

"வாங்குகிற ஆட்கள் கேட்டால், மாமி."

அவர் தலையை ஆட்டினார். கோபம் தெரியவில்லை. முகாமில் இருந்த காலம் முழுவதும் ஏதோ ஒரு வாசலில் நின்று இப்படி ஒரு பதிலைக் கேட்டுப் பழகிய முகம். போகத் திரும்பியவர், நின்று, ஒன்று கேட்டார்.

"தாள் இல்லாட்டி ஆள் சொல்லலாந்தானே. விசாரணையில, நான் சொன்னதக் கேட்ட ஆர் இரிக்கு எண்டு கேட்டா, உங்கட பேரச் சொல்லவா? உங்களுக்கு வேலையில கரைச்சல் வராதே?"

"சொல்லுங்கள்" என்றேன்.

விசாரணைக்கு அவர் போனார். எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்களாம். பழைய அடையாள அட்டை இருந்தது, அதில் ஊர் இருந்தது. அது தொண்ணூறுக்கு முந்தியது, அதற்குப் பிறகு என்ன என்று கேட்டார்களாம். சாட்சி இருக்கிறது என்று மாமி சொன்னபோது, அடுத்த தவணைக்குப் பார்ப்போம் என்று ஒத்திவைத்தார்கள். அடுத்த தவணையில் உத்தியோகத்தர் மாறியிருந்தார். அதற்கு அடுத்ததில் கோப்பைத் தேடுகிறோம் என்றார்கள். நானாதான் இதையெல்லாம் எனக்கு வந்து சொல்வார்.

மறு ஆண்டு, நோன்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், புதிய படிவம் அச்சாகி வந்தது. 'ஊர்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் 'கரை சேர்த்த இடம்' என்று போட்டிருந்தார்கள். நான் அன்று கேட்ட அதே சொற்கள். யாருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. நானா அப்போது வேறொரு வாடிக்கு நண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் அதை நிரப்பிவிட்டு, தாளை என்னிடம் நீட்டினார்.

"இது நல்ல போம், மாஸ்டர். எங்களப் பத்தி ஒண்டும் கேக்காது."

பிறகு நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். மாமி இன்னும் அதே முகாமில்தான் இருக்கிறார். அதற்கு இப்போது நகரசபை ஒழுங்கை என்று ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். விசாரணை முடிந்தது என்று இதுவரை கேள்விப்படவில்லை. அதனால்தான் அந்த ஊரின் பெயரை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுத வேண்டிய இடம் அந்த விசாரணைக் கோப்பு. அவர் அதைச் சொன்னபோது நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். நடுவில் இழுபட்ட எழுத்தை அவர் திருத்தியதையும் கேட்டேன். கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன். இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.